நான்காம் அத்தியாயம்: காலணாவும் அதன் அச்சு பேதங்களும்

தங்க வராகனையும் வெள்ளி ரூபாயையும் தேடிச் செல்வோர் மிகுந்த இந்நாட்டில், ரூபாய்க்கு அறுபத்து நான்கு என்ற கணக்கில் ஏழை எளியவர்களின் கைகளிலே புரண்டு, உப்புக்கும் மிளகாய்க்கும் கைமாறி, தேய்ந்து கறுத்துப் போன செப்புக் காலணாவை ஊன்றி ஆராய்ந்து சேகரிப்பவர் தொகை இன்னும் சிறிதாகவே இருக்கிறது. அமெரிக்காவிலோ இந்த விஷயம் நேர்மாறானது. அந்நாட்டின் மிகச் சிறிய நாணயமாகிய ஒரு சென்ட் காசை, 1793ஆம் ஆண்டில் அடித்த முதற் காசு தொடங்கி, ஆண்டுவாரியாகவும் நாணயச்சாலைவாரியாகவும் பகுத்து, ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே அடையாளம் கண்டு, அவற்றுக்கு எண்ணிட்டு நூல்கள் இயற்றி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கைக்கொண்ட அந்த முறையை நம்முடைய காலணாவுக்கும், அதன் முன்னோராகிய சென்னை ராஜதானிக் காசுக்கும், அதன் வாரிசாகிய நயா பைசாவுக்கும் பொருத்திக் காட்டுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

சேகரிக்கத் தொடங்குவோர் எல்லோரிடமும் காணப்படும் ஒரு நம்பிக்கையை முதலில் களைந்துவிடுதல் அவசியம். காசு பழையதாக இருந்தால் அபூர்வமானதாகவும் இருக்கும் என்பது அந்த நம்பிக்கை. ராஜராஜ சோழரின் பெயரை நாகரி எழுத்திலே தாங்கி, நின்ற உருவம் ஒருபுறமும் அமர்ந்த உருவம் மறுபுறமுமாக அடிக்கப்பட்ட செப்புக் காசு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வயதுடையதாயினும், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் சாதாரணச் சேகரிப்பாளர் கைக்கும் எட்டுகிறது. 1939ஆம் ஆண்டு முத்திரையிட்ட வெள்ளி ரூபாயோ, நம் பாட்டனார் காலத்துப் பொருளேயாயினும், செல்வந்தர்களும் தயங்கி நிற்கும் விலைக்குப் போகிறது. ஆகவே ஒரு காசைக் கையிலெடுத்தவுடன் அதன் வயதைக் கேட்பதைவிட, அது எந்த நாணயச்சாலையில், எந்த அச்சில், எந்த உலோகத்தில் அடிக்கப்பட்டது என்று கேட்கப் பழகுவதே இக்கலையின் முதற்பாடம்.

பென்னலூரில் அமர்ந்து இதை எழுதுகின்ற எனக்கு, இந்தப் பாடத்தைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான பிரதேசம் வேறில்லை என்று தோன்றுகிறது. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வரையில் விரிந்து கிடக்கும் தொழிற்சாலைகளிலே, பிரஸ் ஷாப்பில் நின்று தகட்டை வெட்டுவோரும், டூல் ரூமில் டையைச் செப்பனிடுவோரும், தரப் பரிசோதனைப் பிரிவில் மைக்ரோமீட்டரைத் திருகுவோருமாக ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். நாணயம் என்பதும் அவர்கள் அன்றாடம் காண்கின்ற அதே வேலைதான். உலோகத் தகட்டிலிருந்து வட்டமான பிளாங்க் வெட்டப்படுகிறது. தலைப்பக்கத்து அச்சாகிய டை ஒன்றுக்கும் பூப்பக்கத்து டை ஒன்றுக்கும் நடுவே அது வைக்கப்பட்டு, ஒரே அழுத்தத்தில் இருபுறமும் உருவம் பதிகிறது. டை விரிசல் கண்டால் அவ்விரிசல் காசின்மீது மெல்லிய மேட்டுக் கோடாகத் தோன்றும். பிளாங்க் இல்லாத வேளையில் இரு டைகளும் ஒன்றோடொன்று மோதினால், தலைப்பக்கத்து உருவத்தின் நிழல் பூப்பக்கத்தில் படியும். டை தன் இருப்பிடத்தில் சற்றே சுழன்றுவிட்டால், மறுபக்கம் சாய்ந்து நிற்கும். இவற்றை விளக்கிச் சொல்ல நூலாசிரியனுக்குப் பல பக்கங்கள் வேண்டும். பத்து வருஷம் பிரஸ்ஸில் நின்ற ஒருவருக்கோ ஒரு பார்வை போதும். அந்தப் பயிற்சி பெற்ற கண்ணைத்தான் இக்கலை வேண்டுகிறது.

அமெரிக்க உதாரணங்கள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக் காட்டி மேலே செல்வேன். முதலாண்டுகளில் அந்நாட்டுச் சென்ட் காசுகளின் அச்சுகள் கையால் செதுக்கப்பட்டமையால், ஒன்றைப் போல் மற்றொன்று இராது. கூந்தலின் ஓர் இழையோ, இலைக்கொத்தில் ஒரு கனியோ வேறுபட்டிருக்கும். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1793 முதல் 1814 வரையிலான அத்தகைய காசுகளை அச்சுவாரியாகப் பகுத்து 1949இல் ஒரு நூல் வெளியிட்டார். காசின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் மதிப்பிடும் முறை அவருடையதே. மிகத் தேய்ந்த காசின் விலை ஒரு பங்கானால் குறையற்ற காசின் விலை எழுபது பங்கு என்ற அந்நாளைய விலை விகிதத்திலிருந்து பிறந்த அந்த எண்முறை, இன்று இந்தியக் காசுகளைத் தரம் பிரிக்கும் ஸ்தாபனங்களாலும் கையாளப்படுகிறது. இரண்டாவது உதாரணம், 1955இல் பிலடெல்பியாவில் அடிக்கப்பட்டு, எழுத்துகளும் ஆண்டும் இரட்டித்துத் தோன்றும் சென்ட் காசு. அக்காலத்தில் மூல அச்சைக் கொண்டு டையை ஒரு முறைக்கு மேற்பட்டு அழுத்திப் பதிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் அழுத்தத்தின்போது டை சிறிது திரும்பிவிட்டமையால் அதில் உருவம் இரட்டையாகப் பதிந்து, அதிலிருந்து பிறந்த காசுகள் அனைத்தும் அந்தக் குறையைச் சுமந்து வந்தன. டையிலேயே அமைந்த குறை, அந்த டை அடித்த ஒவ்வொரு காசிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வரும். அதற்கே அச்சு பேதம் என்று பெயர். தனி ஒரு காசுக்கு நேர்ந்த விபத்து வேறு வகை. அதற்குச் சந்தையில் மதிப்பு இருக்கலாம், வரிசையில் இடம் இல்லை.

இனி நம் காலணாவுக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள் முழுவதற்கும் ஒரே நாணயத் திட்டத்தை வகுத்த 1835ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, காலணா 100 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 6.48 கிராம் எடையுள்ள செப்புக் காசாக வெளிவந்தது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நான்கு காலணா அல்லது பன்னிரண்டு தம்பிடி என்ற கணக்கு அதன்பின் நூறாண்டுக்கு மேல் நிலைத்து நின்றது. 1835 என்ற ஆண்டைத் தாங்கிய காலணாக்கள் அவ்வாண்டில் மட்டும் அடிக்கப்பட்டவை என்று கொள்ளலாகாது. அதே ஆண்டு முத்திரை பிற்காலத்திலும் தொடர்ந்து கையாளப்பட்டமையால், அவற்றில் எழுத்தின் அளவிலும் இலைச்சுற்றின் அமைப்பிலும் பேதங்கள் மிகுதி. அதே காலத்து 1840ஆம் ஆண்டு ரூபாயில் இலைச்சுற்றிலுள்ள சிறு கனிகளை எண்ணித்தான் வகை பிரிக்கிறார்கள் என்பதைப் பார்த்தால், எவ்வளவு நுணுக்கமான பார்வை வேண்டும் என்பது விளங்கும். பிரிட்மோர் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1975இலும் 1980இலும் இந்திய நாணயங்களைப் பற்றி இரு நூல்கள் வெளியிட்டு, ஒவ்வொரு வகைக்கும் எண் கொடுத்துள்ளார். வியாபாரிகள் 'பிரிட்மோர் எண்' என்று சொல்வது அதையே.

1862இல் விக்டோரியா ராணியின் தலை பொறித்த காலணா வந்தது. கல்கத்தா, பம்பாய் சாலைகளோடு நம் சென்னைச் சாலையிலும் அவ்வாண்டுக் காலணா அடிக்கப்பட்டது என்பது தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. சென்னைச் சாலை 1869இல் மூடப்பட்டது. ஜார்ஜ் டவுனில் அது நின்ற தங்கசாலைத் தெரு மட்டும் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது. 1877 முதல் காலணாவில் 'குயின்' என்ற சொல் 'எம்பிரஸ்' என்று மாறியது. இவ்விரு வகைகளும் எளிதில் கிடைப்பவை. தொடங்குவோர் நல்ல நிலையிலுள்ள ஒன்றொன்று வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அந்த அடுத்த கட்டத்தைத்தான் நான் மிகவும் விரும்பிக் கற்பிப்பது வழக்கம், ஏனெனில் விலை மலிந்த காசுகளைக் கொண்டே உண்மையான பரீட்சை நடத்தலாம். ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், 1906ஆம் ஆண்டில், காலணாவின் உலோகம் சுத்தச் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாற்றப்பட்டது. எடையும் 100 கிரெய்னிலிருந்து 75 கிரெய்னுக்கு, அதாவது சுமார் 4.86 கிராமுக்குக் குறைக்கப்பட்டது. மாற்றம் ஆண்டின் நடுவே நேர்ந்தமையால் 1906 என்ற ஒரே ஆண்டில் செம்பிலும் வெண்கலத்திலும் காலணாக்கள் உண்டு. விட்டத்தில் பெரும் வேற்றுமை இல்லை, உருவமும் ஒன்றே, நூறாண்டுக் கறுப்பு ஏறிய பின் நிறத்தைக் கொண்டும் சொல்ல முடியாது. தராசில் வைத்தால் ஒரு கணத்தில் விடை கிடைக்கும். தராசு இல்லாதவர் கனத்தைக் கொண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி விளிம்பைப் பார்த்துத் தெளியலாம். அவ்வாண்டுக் காசுகளைக் கைப்பிடியளவு வாங்கி வந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிப்பதைப் போன்ற பயிற்சி வேறில்லை.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முதல் நாணயங்களில் ஒரு விசித்திரம் உண்டு. மன்னர் அணிந்திருந்த அங்கியின் ஆரத்தில் தொங்கும் யானை, துதிக்கை குறுகிப் பன்றியைப் போலத் தோன்றியமையால் மக்களிடையே மனவருத்தம் எழ, 1911ஆம் ஆண்டு ரூபாய் மீட்டுக்கொள்ளப்பட்டு, அடுத்த ஆண்டில் யானை திருத்தி வரையப்பட்டது. ரூபாயைப் பற்றிய இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே யானை 1911ஆம் ஆண்டுக் காலணாவிலும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1912 முதலான ஏதேனும் ஒரு காலணாவை அருகில் வைத்துக்கொண்டு உருப்பெருக்காடியால் ஒப்பிட்டால் வேற்றுமை தெளிவாகும். இம்மன்னர் காலத்துப் பம்பாய்க் காலணாக்களில் ஆண்டுக்குக் கீழே ஒரு சிறு புள்ளி இருக்கும். கல்கத்தாக் காசில் குறி ஏதும் இராது. ஆறாம் ஜார்ஜ் காலத்தில் 1940ஆம் ஆண்டுக் காலணா இருவகைத் தலையோடு கிடைக்கும்: புடைப்பு மிகுந்த முதல் தலை, புடைப்புக் குறைந்த இரண்டாம் தலை.

1943இல் உலக யுத்தம் செம்பை விழுங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கா அவ்வாண்டில் தன் சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. பழைய வெண்கலப் பிளாங்குகள் சில தவறிப்போய் இயந்திரத்தில் சிக்கிக் காசாகிவிட, அவை உலகப் புகழ் பெற்றன. நம் நாட்டிலோ மன்னரின் தலையை நீக்கிவிட்டு, கிரீடத்தை மட்டும் வைத்து, நடுவிலே பெரிய துளையிட்டு, சுமார் 2 கிராம் எடையில் ஒரு பைசாவை அடித்தார்கள். ஓட்டைக் காலணா என்று நம் மக்கள் அழைத்த அக்காசு 1947 வரை வெளிவந்தது. கல்கத்தா, பம்பாய் மட்டுமல்லாமல், 1943இல் தொடங்கிய லாகூர்ச் சாலையும், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாச் சாலையும் யுத்தகால இந்திய நாணயங்களை அடித்துக் கொடுத்தன. ஓட்டைக் காலணாவில் கிரீடத்தின் வடிவையும், ஆண்டின் எழுத்தளவையும் கொண்டு பேதங்கள் பிரிக்கப்படுகின்றன. வாஷராகப் போல்ட்டில் மாட்டப்பட்டும், குழந்தைகளின் அரைஞாணில் கோக்கப்பட்டும் துளையின் உள்விளிம்பு தேய்ந்த காசுகள் அதிகம். ஆகையால் வாங்கும்போது துளையின் விளிம்பையே முதலில் பாருங்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் நாணய வரிசை 1950 ஆகஸ்ட் 15இல் வெளியாயிற்று. அதில் பாயும் குதிரை பொறித்த பைசா, 1950இல் தடித்த தகட்டிலும் பின்னர் மெல்லிய தகட்டிலும் அடிக்கப்பட்டது. மைக்ரோமீட்டர் வைத்திருப்பவருக்கு இதைவிட எளிய வகைப்பாடு இல்லை. 1957 ஏப்ரல் 1 முதல் தசாம்ச முறை வந்து, ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றாயிற்று. ஒரு நயா பைசா முதலில் வெண்கலத்திலும், 1962இலிருந்து நிக்கல் கலந்த பித்தளையிலும் அடிக்கப்பட்டமையால், 1962ஆம் ஆண்டில் இரு உலோகங்களும் உண்டு. 1906இன் பாடம் இங்கே மறுபடி வருகிறது. 1964 ஜூனில் 'நயா' நீங்கியது; 1965 முதல் சதுரமான அலுமினியப் பைசா. பம்பாய்க்கு வைரக் குறி, கல்கத்தாவுக்குக் குறியில்லை, ஹைதராபாத் தொடக்க ஆண்டுகளில் பிளவுண்ட வைரத்தையும் உள்ளே புள்ளியிட்ட வைரத்தையும் இட்டு, பின்னர் நட்சத்திரத்தில் நிலைபெற்றது. குறி எப்போதும் ஆண்டுக்குக் கீழேயே தேடத்தக்கது. குறைந்த செலவில் ஆண்டும் சாலையுமாக ஒரு முழு வரிசையைச் சேர்க்க விரும்பும் மாணவர்களுக்கு நயா பைசாவையே நான் சிபாரிசு செய்வேன்.

காலணாவுக்கு முற்பட்ட சென்னை ராஜதானிக் காசுகளில், பர்மிங்காமிலிருந்த மாத்யூ போல்ட்டனின் சோஹோ சாலையில் நீராவி இயந்திரத்தால் அடித்து அனுப்பப்பட்டவை தனிச் சிறப்புடையன. 1803இல் ஒரு காசு, ஐந்து காசு, பத்துக் காசு, இருபது காசு என்ற அளவுகளில் அவை வந்தன. கிரீடத்தைப் பற்றி நிற்கும் சிங்கம் பொறித்த ஒரு காசு, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. 1808ஆம் ஆண்டிட்ட பத்துக் காசும் இருபது காசும் சென்னைக்கு ஏற்றப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிற்று; 1980களில் அச்சரக்கு பெருவாரியாக மீட்கப்பட்டது. ஆகவே இன்று சந்தையில் காணும் 1808ஆம் ஆண்டுக் காசுகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு மண்ணை மிதிக்காமல் கடலடியில் கிடந்தவை. உப்புநீர் அரித்த முகமோ, அல்லது அதற்கு மாறாகப் பீப்பாயின் நடுவிலிருந்து தேய்மானமே இல்லாமல் வந்த கூர்மையோ அவற்றைக் காட்டிக்கொடுக்கும். நம் பாட்டனார் கைகளில் உண்மையாகப் புழங்கி மெழுகித் தேய்ந்த 1808ஆம் ஆண்டுக் காசு ஒன்று கிடைத்தால், அழகிற் குறைந்ததாயினும் அதையே நான் மேலாக மதிப்பேன்.

புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசையும் விட்டுவிடலாகாது. ஒருபுறம் பிரகதாம்பாள் அமர்ந்திருக்க, மறுபுறம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று பொறித்த இந்தச் சிறு செப்புக் காசு, நவராத்திரியில் அரிசியோடு தானமாக வழங்கப்பட்டது. ஓர் அணாவுக்கு இருபது என்பது அதன் மதிப்பு. கையால் அடித்த பழங்காசு வட்டம் குலைந்தும் உருவம் பாதி விலகியும் இருக்கும். இயந்திரத்தில் அடித்த பிற்காலக் காசு ஒழுங்கான வட்டமாயிருக்கும். 1948 மார்ச் மாதத்தில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்ததுடன் அக்காசின் வாழ்வும் முடிந்தது.

இவையெல்லாம் எங்கே கிடைக்கும் என்றால், முதலில் உங்கள் வீட்டிலேயே தேடுங்கள் என்பேன். திருப்பதிக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்து மறந்துபோன காசு, அரிசிப் பானையின் அடியில் பாட்டி போட்டு வைத்த காசு, பழைய வீட்டை இடிக்கும்போது வாசற்காலின் கீழே நவதானியத்தோடு அகப்படும் காசு ஆகியவற்றுக்கு நிகரான மூலம் கடைகளில் இல்லை. காசோடு அதன் வரலாறும் சேர்ந்து வருகிறது. அடுத்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பழைய பாத்திரக் கடைகளும் காயலான் கடைகளும். ஒரகடத்திலும் வல்லத்திலும் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் ஒடிசா, பீகார், வங்காளத்துத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்வரும்போது, தங்கள் வீட்டில் கிடக்கும் பழங்காசைக் கொண்டுவந்து காட்டச் சொல்லலாம். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாயிருங்கள். அறியாதவரிடம் அபூர்வமான காசு இருக்கக் கண்டால், அது இன்னது, இவ்வளவு பெறும் என்று சொல்லிவிட்டே விலை பேசுங்கள். அதைச் சொல்லாமல் வாங்குவது களவுக்கு அடுத்த படி.

கருவிகளுக்கு அதிகச் செலவில்லை: பத்து மடங்கு உருப்பெருக்காடி, நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசு, பக்கவாட்டிலிருந்து ஒளி வீசும் விளக்கு, ஒரு நோட்டுப் புத்தகம். தொழிற்சாலையில் வெர்னியரைக் கையாண்டு பழகியவர்கள் அதன் எஃகுத் தாடையால் காசை நேரே கவ்விவிடுவார்கள். செம்பு மென்மையானது, கீறல் விழும். பிளாஸ்டிக் அளவுகோல் வெர்னியரே உகந்தது. காசை எப்போதும் விளிம்பால் பிடியுங்கள்.

புளியைப் பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் புளியிட்டுத் துலக்கிப் பழகிய நம் வீடுகளில், கறுத்த காசைக் கண்டவுடன் புளியையோ எலுமிச்சம்பழத்தையோ பீதாம்பரிப் பொடியையோ எடுப்பது இயல்பாகிவிட்டது. அமிலம் அழுக்கோடு காசின் மேற்பரப்பையும் தின்றுவிடுகிறது. நூறாண்டாகப் படிந்த பழுப்பு நிறம் போய், இளஞ்சிவப்பான வெற்றுச் செம்பு வெளிப்படுகிறது. காசின் மதிப்பில் பெரும்பகுதி அந்த நிமிஷத்தில் அழிந்துவிடும், பிறகு எந்த உபாயத்தாலும் அது மீளாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் காலப்போக்கில் பச்சைப் பிசினைக் கசியவிட்டுக் காசை அரிக்கும். மைலார் உறைகளோ, மைலார் சாளரமிட்ட அட்டைகளோ வாங்குங்கள். ஏரிகள் சூழ்ந்த இப்பகுதியின் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று பெட்டியில் இருத்தல் நலம்.

மோசடிகளைக் குறித்து எச்சரிக்காமல் இந்த அத்தியாயத்தை முடிப்பது தர்மமாகாது. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒருபுறமும், 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி', 'ஒன் அணா', '1818' என்ற எழுத்துகள் மறுபுறமும் உள்ள செப்புத் துண்டுகளை லட்சக்கணக்கில் விலை சொல்லி விற்பவர்கள் உண்டு. கம்பெனி சென்னையில் அடித்த தங்க வராகன்களில் திருமாலின் உருவம் இருந்தது மெய். ஆனால் இந்தச் செப்புத் துண்டுகள் எந்தச் சாலையிலும் அடிக்கப்பட்ட நாணயங்கள் அல்ல, பிற்காலத்தில் செய்த வெறும் வில்லைகளே. அரிசியை இழுக்கும் சக்தியுள்ளது, இரிடியம் கலந்தது என்று சொல்லி 'ரைஸ் புல்லிங்' என்ற பெயரில் பழஞ்செம்பை விற்கும் கும்பல்களிடம் நம் மாநிலத்தில் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்கள் பலர். பழைய காசுக்குப் பெருந்தொகை தருவதாகவும், அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் பெயரால் வரும் விளம்பரங்கள் பொய் என்று அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. விற்பவர் பணம் கட்ட வேண்டும் என்று எவர் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டத்தில் இரண்டை நினைவில் வைக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதோ அனுப்புவதோ கூடாது. மற்றது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நாள்தோறும் அஸ்திவாரத்துக்கும் சாலைக்கும் மண் தோண்டப்படும் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் அதன் அவசியம் பெரிது. மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைக் கடந்தாலே, கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் அவருடைய பங்கு பறிபோவதோடு தண்டனையும் உண்டு. ஜே.சி.பி. வாளியில் காசுக் கலயம் ஒன்று அகப்பட்டால், அதைப் பங்கிட்டுக் கொள்ளாமலும், கழுவாமலும், கலயத்தின் ஓடுகளைக்கூட வீசிவிடாமலும், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியாகக் காஞ்சிபுரம் ஆட்சியருக்குத் தெரிவிக்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.